நீ கிள்ளி அளந்த இடம்

உன் அம்மாவின் படத்தை ஊரே பார்க்கிற இடத்தில் நீ போட்டிருக்கிறாய். அதனால் இந்தக் கடிதத்தையும் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பினால், பாதி படித்துவிட்டு ‘அப்பா எப்பவும் இப்படித்தான்’ என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாய். கோயம்புத்தூரில் நீயும் உன் நண்பர்களும் திறக்கப்போகும் ஜிம்மின் அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. முகப்பில் மாட்டப்போகிற பேனரின் படத்தையும் அம்மாவுக்கு அனுப்பியிருந்தாய். இடது பக்கம் பருமனான அம்மா, வலது பக்கம் மெலிந்த அம்மா, நடுவே ஓர் அம்புக்குறி. கீழே, ‘என் முதல் வெற்றி என் அம்மா’. அந்த வலது பக்கப் படத்தை நீ நம் வீட்டு வாசலில் அவளை நிற்கவைத்து எடுத்தாய். அதற்கு அடுத்த வாரம் அவள் குன்னூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தாள். பேனரில் அதற்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. இங்கே நிறைய இடம் இருக்கிறது.

மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பாக்களுக்கு நரைத்த தலையும் நிதானமும் இருப்பது வழக்கம். எனக்கு இரண்டும் இல்லை. டிப்ளமோ முடித்த கையோடு கல்யாணம், அடுத்த வருஷமே நீ. ஊட்டியில் துணி எடுக்கப் போனால் கடைக்காரர் ‘அண்ணனும் தம்பியுங்களா’ என்று கேட்பார். உனக்கு அதில் சிரிப்பு, எனக்கு எரிச்சல். உன்னை மடியில் வைத்துக் கதை சொன்னவன் இல்லை நான். ‘அந்த பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடு, சும்மா நிக்காதே’ என்று சொன்னவன். ஆகவே இதில் ஞானத்தைத் தேடாதே. டீ ஃபேக்டரியில் மெஷின்களையும் அளவுமானிகளையும் பார்த்துக்கொள்கிற ஒருவன், மனித உடம்பை அளப்பதைத் தொழிலாக வைத்துக்கொண்ட இன்னொருவனுக்கு எழுதுகிறான். அப்படி எடுத்துக்கொள்.

நீ பயிற்சியாளர் படிப்பை முடித்து ஜெகதளா வீட்டுக்குத் திரும்பி வந்த புதிதில்தான் அந்தக் காலிப்பர் கூரியரில் வந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னடா இது, அடுப்புக் கரி எடுக்கற இடுக்கி மாதிரி இருக்கு” என்றாள். அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்கு இடுக்கி என்றே பெயர். நீ எங்களுக்கு வகுப்பே எடுத்தாய். தோலையும் அதற்கு அடியில் ஒட்டியிருக்கிற கொழுப்பையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளித் தூக்க வேண்டும். உள்ளே இருக்கும் தசை மடிப்போடு வந்துவிடக் கூடாது. மடிப்பைக் கவ்வும்படி இடுக்கியை வைத்தால் ஸ்பிரிங் ஒரே அழுத்தத்தில் பிடிக்கும், முள் எத்தனை மில்லிமீட்டர் என்று காட்டும். மேல்கையின் பின்புறம், தொப்புளுக்குப் பக்கத்தில், இடுப்பெலும்புக்கு மேலே, தொடை. நான்கையும் கூட்டி அட்டவணையில் பார்த்தால் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அம்மா வெட்கத்தில் நெளிந்துகொண்டே என்னைப் பார்த்தாள். “ஏங்க, கடைல கோழி வாங்கறவன் மாதிரியில்ல கிள்ளிக் கிள்ளிப் பாக்குறான் உங்க புள்ள. கறிக்கு ஆவேனான்னு கேளுங்க.” நாம் மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு முள் காட்டிய எண் மட்டும் ஞாபகம் இருக்கும்.

நான் சும்மா இருந்தேனா? இல்லை. கருவியைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். அதை ஃபேக்டரிப் பட்டறைக்குக் கொண்டுபோய், கனம் தெரிந்த எஃகுத் தகடுகளை ஒவ்வொன்றாய் அதன் வாயில் கொடுத்துச் சோதித்தேன். ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருந்தது, சரி பண்ணினேன். உன் முறையிலும் ஒரு தப்பு கண்டுபிடித்தேன். இந்தக் குளிரில் யார் காலையில் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள்? நம் பக்கம் உடம்பிலிருந்து ஸ்வெட்டர் கழல்வதே வெந்நீர்க் குளியலுக்குத்தான். அதனால் அம்மா குளித்துவிட்டு, உடம்பில் ஆவி பறக்க வெளியே வந்ததும் நீ அளந்தாய். வெந்நீர் பட்ட தோலுக்கு அடியில் ரத்தமும் நீரும் ஏறியிருக்கும், மடிப்பு தடித்துக் காட்டும், குளிப்பதற்கு முன்னால் அள என்று நான்தான் சொன்னேன். பாவம், அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பல் கிட்டிக்க, கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அளவு கொடுத்தாள். கருவி சரி, முறை சரி, அளக்கிற கையும் ஒரே கை. அதற்கு மேல் ஓர் அளவில் என்ன கேட்க முடியும்? அப்படித்தான் நானும் நினைத்தேன்.

மடிப்பு குறைய ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு வாராவாரம். நீ சோற்றைப் பாதியாக்கினாய், முட்டையும் கொள்ளும் கொடுத்தாய், ஃபேக்டரிக்கு பஸ் வேண்டாம், தேயிலைச் சரிவு வழியாக நடந்து போகட்டும் என்றாய். எல்லாம் நல்ல காரியங்கள்தான், நான் மறுக்கவில்லை. பேக்கிங் பிரிவில் அம்மாவோடு வேலை செய்கிற பெண்களுக்கு வேறு பேச்சே இல்லை. பக்கத்து வீட்டு மாதியக்கா தினமும் வாசலில் நிறுத்தி வைத்து, “என்னம்மா, சீலைய இன்னொரு சுத்து கூட சுத்தியிருக்கே. எங்க ஊட்டுக்காரருக்கும் அந்த இடுக்கிய ஒரு தடவ போடச் சொல்லும்மா, குனிஞ்சு செருப்பு மாட்ட முடியலெ அவருக்கு” என்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ‘மூட்டை’ என்று கேலி கேட்டே பழகியவள் உன் அம்மா. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம், நெல்லியாளத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்தவள், யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொள்வாள். இப்போது கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றாள். அந்தச் சந்தோஷத்தை அவளுக்குக் கொடுத்தது நீ. அதை உன்னிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம்தான் நம் மூன்று பேர் கண்ணையும் கட்டியது.

அவள் தண்ணீர் குடித்ததைச் சொல்கிறேன். இந்த மலையில் யாரும் தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. சூடாகத் தேநீர் குடிப்போம், அதோடு சரி. அவளோ சொம்பு சொம்பாகக் குடித்தாள். குளிர்ந்த தண்ணீரை, நின்றபடியே, மூச்சு விடாமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது உன்னிடம் கேட்டேன்.

“ஏன்டா, உங்கம்மா என்ன இத்தனை தண்ணி குடிக்கறா?”

“நாந்தானுங்கப்பா குடிக்கச் சொன்னேன். மூணு லிட்டர் பிளான்லயே இருக்குது.”

“நீ சொன்ன மூணு லிட்டர் காலையிலயே காலியாயிடுது.”

“நல்லதுதானுங்களே. உடம்பு கேக்குது, குடிக்கறாங்க.”

“பேக்கிங் சூப்பர்வைசர் என்கிட்ட சொல்றாரு, அரை மணிக்கொரு தரம் பாத்ரூமுக்கு எந்திரிச்சுப் போறாளாம்.”

நீ பதில் சொல்வதற்குள் அவளே குறுக்கே வந்தாள். “குளிருக்கு அப்படித்தாங்க. ஊசிமழை அடிக்கற மாசத்துல யாருக்குத்தான் வராது? புள்ள சொல்றத கேளுங்க. எனக்கு இன்னொரு தேத்தண்ணி ஊத்துங்க, நாக்கு வறண்டு கெடக்கு.”

“ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாத்துட்டு வந்தா என்ன” என்று கேட்டேன். நீ போனை எடுத்து, வாராவாரம் எடுத்த அளவு இறங்கிக்கொண்டே வந்த வரைபடக் கோட்டைக் காட்டினாய். “அப்பா, மெஷின்காரர் நீங்க. நம்பர் பொய் சொல்லுங்களா?” நான் கோட்டைப் பார்த்தேன். அழகான கோடு. மீதிச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தேன். பேச்சில் உன்னிடம் தோற்றது பெரிதில்லை. என் தொழிலையே எடுத்து என் வாயை அடைத்தாய் பார், அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்தே இருந்தது. எங்கள் ஃபேக்டரியில் பறித்து வருகிற கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து காற்று விட்டு வாட்டுவோம். ஈரம் போகப் போக எடை இறங்கும். எடை இவ்வளவு இறங்கினால் இலை அரைக்கத் தயார் என்று ஒரு கணக்கு. மழை நாளில் வாடுவதற்கு நேரம் பிடிக்கும். அவசரக்காரன் என்ன செய்வான் தெரியுமா? சூடான காற்றைத் திறந்துவிடுவான். எடை சர்ரென்று இறங்கும். தராசில் வைத்தால் நிதானமாக வாடிய இலைக்கும் இதற்கும் ஒரே எண். கையில் எடுத்தால் ஒன்று துணி மாதிரி துவளும், இன்னொன்று விளிம்பு கருகி நொறுங்கும். தராசு பொய் சொல்லவில்லை. எடை ஏன் இறங்கியது என்று தராசிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இதை அன்று அந்தத் தட்டுக்கு முன்னால் உனக்குச் சொல்லியிருக்கலாம். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் சொல்கிறேன். வீட்டில் நாக்கு எழவில்லை.

பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டிகள் மேல் அவள் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னபோது நான் தூள் உலர்த்துகிற டிரையரைப் பழுது பார்க்க அதற்கு அடியில் படுத்திருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால், மலையேறியவள் மாதிரி மூச்சு வாங்குகிறாள். மூச்சில் அழுகின பழ வாடை. கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. ஜீப்பில் போட்டுக்கொண்டு போனோம், நீ ஆஸ்பத்திரிக்கே நேராக வந்துவிட்டாய். டாக்டர் கேட்ட முதல் கேள்வி உனக்கு நினைவிருக்கிறதா? “எவ்வளவு நாளா மெலிஞ்சுக்கிட்டு வர்றாங்க?” நீ தலையை நிமிர்த்தி, “நான் டிரெய்னருங்க டாக்டர், என் பிளான்லதான் குறைஞ்சாங்க” என்று சொல்லி, அவருக்கும் அந்தக் கோட்டைக் காட்டினாய். அவர் அதைப் பொறுமையாகப் பார்த்தார். “ரொம்ப நல்லா அளந்திருக்கீங்க தம்பி. விரல் நுனில ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்திருந்தா இத்தனை வேலை இல்லை” என்றார். சர்க்கரை மீட்டரின் கணக்கையே தாண்டியிருந்தது. உடம்பில் இன்சுலின் சுரப்பது ஏறக்குறைய நின்றுபோய், சாப்பிட்ட சர்க்கரையை எரிக்க வழியில்லாமல், உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் தானே தின்றுகொண்டிருந்திருக்கிறது என்று நமக்கு விளக்கினார். நீ வாராவாரம் அளந்து, கோடு போட்டு, நண்பர்களுக்கு அனுப்பிய வெற்றி அதுதான்.

நோயை நீ கொண்டுவந்தாய் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அது எப்படியும் வந்திருக்கும் என்று டாக்டரே சொன்னார். என் கோபம் அதற்குப் பிறகு நடந்ததில். அவள் கண் விழித்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னிடம், “ஆனா நான் எடுத்த அளவு தப்பில்லீங்கப்பா, கொழுப்பு குறைஞ்சது உண்மைதானே” என்றாய். அவளுக்கு ஏறிக்கொண்டிருந்த சலைன் பாட்டில் நம் இரண்டு பேருக்கும் நடுவே கண்ணாடி ஜன்னல் வழியாகத் தெரிந்துகொண்டிருந்தது. நான் உன்னை அடித்திருக்க வேண்டும். அடிக்காமல், “ஆமாண்டா, உண்மைதான்” என்றேன். நீ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாய். அவள் வீடு திரும்பிய வாரமே வேலை கிடைத்ததென்று மலையிறங்கினாய். போன பிறகுதான் தெரிந்தது, இணையத்தில் உன் பக்கத்தில் அந்த இரண்டு படங்களும் அம்புக்குறியோடு ஏறியிருக்கின்றன. ‘அம்மா சூப்பர்’ என்று எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். ‘எனக்கும் இந்த பிளான் வேண்டும்’ என்றும் சிலர். ஒருவருக்கும் நீ நடந்ததைச் சொல்லவில்லை. எடுத்துவிடு என்று போனில் சொன்னேன், ‘அது மோட்டிவேஷனுங்கப்பா’ என்றாய். அந்த வார்த்தையை அதற்கு முன்னால் நான் வெறுத்ததில்லை.

இப்போது நம் வீட்டில் காலை எப்படி விடிகிறது என்று உனக்குத் தெரியாது. அவளுக்கு ஊசியைக் கண்டால் பயம், தன் கையால் போட்டுக்கொள்ள மாட்டாள். நான்தான் போடுகிறேன், சாப்பாட்டுக்கு முன்னால், காலையும் இரவும். ஆஸ்பத்திரி நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. “சார், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும். தோலைக் கிள்ளித் தூக்குங்க. உள்ளே இருக்கற தசை வரக் கூடாது. தொப்புளுக்கு ரெண்டு விரல் தள்ளி. நாளைக்கு வேற இடம், தொடையில போடலாம்.” நீ எடுத்த அதே வகுப்பு, நீ கிள்ளி அளந்த அதே இடங்கள். “சட்டுனு புடிச்சிட்டீங்களே சார், முன்னாடி பழக்கமா?” என்று கேட்டாள். என் மகன் இதில் நிபுணன் என்றேன். முதல் நாட்களில் அந்த இடத்தில் கிள்ளித் தூக்க ஒன்றுமில்லை. காகிதத்தைக் கிள்ளுவது மாதிரி இருக்கும். இன்னும் தள்ளிப் போய், அங்கும் இல்லாமல், அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, “போடுங்க, போடுங்க, புள்ள கிள்ளும்போது இதவிட வலிச்சுது” என்று எனக்குச் சமாதானம் சொல்வாள். இப்போது கொஞ்சம் சதை பிடித்திருக்கிறாள். என் விரலுக்குள் அந்த மடிப்பு திரும்பி வந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குச் சொன்னால் புரியாது. உன் தொழிலில் அது தோல்வி.

தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. உன் தொழில் கெட்ட தொழில் இல்லை, காலிப்பரும் கெட்ட கருவி இல்லை. அதைச் சோதித்துக் கொடுத்தவன் நான், எனக்குத் தெரியும். ஆனால் உன்னிடம் வருகிறவர்கள் நீ நினைத்ததைவிட வேகமாக மெலிந்தால் கைதட்டாதே, பயப்படு. எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய், எத்தனை தடவை எழுந்து போகிறாய், நடந்தால் களைக்கிறதா என்று கேள். ரத்தம் பார்த்துவிட்டு வந்தால்தான் அடுத்த அளவு என்று சொல். கேட்கக் கூச்சமாக இருந்தால் அந்தத் தொழிலை விட்டுவிட்டு எங்கள் ஃபேக்டரிக்கு வா. இலைக்குக் கேள்வி கேட்கத் தெரியாது, நீ தப்பித்துக்கொள்வாய்.

திறப்பு விழாவுக்கு நான் வரவில்லை. அந்த பேனருக்கு அடியில் நின்று மாலை வாங்கிக்கொள்ள என்னால் முடியாது. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். “அவன் என்னங்க தப்பு செஞ்சான்? என்னைய அழகாக் காட்டணும்னுதானே ஆசப்பட்டான்” என்றாள். “செத்துப் பொழச்சியே, அது அழகா?” என்று கேட்டேன். “பொழச்சுட்டேன்ல” என்றாள். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. பச்சைப் பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள், எங்கே இந்த மேகத்தில் வெயில்? உன் படத்தில் இருக்கிற அந்த மெலிந்த பெண்ணாகத் தன்னைப் பார்த்து எல்லோரும் கைதட்டப் போகிறார்கள் என்று அவள் நம்புகிறாள். அவளைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை. வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், மேட்டுப்பாளையத்தில் வந்து கூட்டிக்கொள். இரண்டு நாள் உன்னோடு இருப்பாள்.

அந்த இரண்டு நாளும் ஊசி போட வேண்டியது நீ. வேறு ஆளை ஏற்பாடு செய்யாதே, நர்ஸை வரச் சொல்லாதே. இன்சுலின் ஊசிப் பேனா அவள் கைப்பையில் இருக்கும். இங்கே குளிருக்கு அது அலமாரியிலேயே கிடக்கிறது, அங்கே வெயிலில், வண்டியில் எங்கும் வைத்துவிடாதே. டாக்டர் சொன்ன அளவைப் பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கிறேன், உன் யோசனைப்படி கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். போட்டதும் சாப்பாடு கொடு. விழாவில் லட்டு கொடுப்பார்கள், அவள் வாங்கிக்கொள்வாள், நீ பார்த்துக்கொள். வெள்ளிக்கிழமை காலை விழாவுக்கு முன்னால், ஜிம்மிலேயே, அந்த பேனர் தெரிகிற இடத்தில் அவளை உட்காரவைத்துப் போடு. இடுக்கி தேவையில்லை, விரல் போதும். தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, உனக்குத் தெரிந்த இடம்தான். கிள்ளித் தூக்கி, ஊசியை இறக்கி, மருந்து உள்ளே போனதும் உடனே உருவிவிடாதே. மெதுவாகப் பத்து எண்ண வேண்டும். அதுவரைக்கும் அந்த மடிப்பு உன் விரல்களுக்கு நடுவே இருக்கும். அவள் கண்ணை இறுக மூடியிருப்பாள். நீ மூடாதே. தலையை நிமிர்த்தி உன் பேனரைப் படி. எண்ணி முடித்த பிறகும் அது அங்கேயே தொங்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், தொங்கட்டும்.